பலகைக்குப் பின்னால் இருக்கும் தகரச் சட்டம்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் ஃபிளாட்வாசிகள். ஊரிலிருந்து அம்மா நிரந்தரமாகத் தங்க வருகிறாள், பையனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஹாலில் ஒரு பாதியைத் தடுத்து அறையாக்கினால் தேவலை என்று தோன்றும். செங்கல் வைத்துத் தடுக்கலாமா என்று கேட்டால் ஸொஸைட்டி செக்ரெட்டரி சம்மதிக்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ கனக்கும். அந்த இடத்தில் சுவர் வரும் என்று கணக்குப் போடாமல் கட்டிய தளத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது. ஜிப்சம் பலகைத் தடுப்போ 25 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தடுப்பு வைத்தோம். கூடவே அந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங்கும் போட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில், ஒரு ஜூலை மாதத்து மத்தியானம், சீலிங்கில் ஒரு பகுதி அப்படியே பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள், பிழைத்தாள். பலகை மட்டம் என்றுதான் முதலில் திட்டினேன். பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பலகை பாவம், குற்றம் அதைத் தாங்க வேண்டிய தகரச் சட்டத்தில்.

இந்தச் சட்டம் துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்வது. கடையில் ஜி.ஐ. சேனல் என்பார்கள். மரச் சட்டம் போல் கரையான் அரிக்காது, மழையில் உப்பி வெயிலில் சுருங்காது. வீடு, அலுவலகங்களில் நாம் பார்ப்பது மூன்று வகை.

முதலாவது, மறைந்திருக்கும் சீலிங் சட்டம். மூன்று அடுக்காக வரும். அறையின் நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஓடுவது பெரிமீட்டர் சேனல். இரண்டடிக்கு ஒரு திருகு போட்டுச் சுவரில் பிடிக்க வேண்டும். அடுத்தது இன்டர்மீடியட் சேனல், 45 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. கனம். முதுகெலும்பு இதுதான். கான்கிரீட் தளத்திலிருந்து தொங்கும் தகரப் பட்டைகள் இதைத் தாங்குகின்றன. சேனலுக்குச் சேனல் இடைவெளி நாலடி, பட்டைக்குப் பட்டையும் நாலடி. இதன் கீழே குறுக்காகச் செல்வது சீலிங் செக்ஷன், 0.55 மி.மீ. கனம், ஒன்றரை அடிக்கு ஒன்று. பலகையைத் திருகுவது இதில்தான்.

ஒன்றரை அடி என்பது யாரோ தோன்றினபடி வைத்த அளவல்ல. நம் ஊர்ச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பலகை 4 அடிக்கு 6 அடி. ஆறடியை ஒன்றரையால் வகுத்தால் சரியாக நான்கு. பலகையின் இரண்டு முனையும் எப்போதும் ஒரு செக்ஷன் மேல் வந்து உட்காரும். இடைவெளியைக் கூட்டினால் முனை அந்தரத்தில் நிற்கும். ஈரக் காற்றில் பலகை தன் கனத்தாலேயே தொய்யும். எங்கள் வீட்டு மிஸ்திரி செக்ஷனை இரண்டரை அடிக்கு ஒன்றாக வைத்திருந்தார். அதைவிடப் பெரிய கூத்து, தளத்தில் இரும்பு எக்ஸ்பான்ஷன் போல்ட் போட வேண்டிய இடத்தில் மரத்துண்டைச் செருகி ஆணி அடித்திருந்தார். ஈரத்தில் உப்பி, காய்ந்தபோது சுருங்கி, ஆணி நழுவிவிட்டது. போதாதற்கு அந்தச் செக்ஷனிலேயே மின்விசிறியையும் மாட்டியிருந்தார்! விசிறி, தளத்தில் உள்ள கொக்கியிலிருந்துதான் தொங்க வேண்டும். பலகையில் ஓட்டை போட்டு ராடை இறக்கலாமே தவிர, சட்டத்தை விசிறி தொடவே கூடாது.

கனத்திலும் ஏமாற்று உண்டு. 0.40 மி.மீ., அதற்கும் மெல்லியது எல்லாம் அதே பெயரில் விற்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பதினோராம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இயற்பியல் லேபில் பழகிய ஸ்க்ரூ கேஜால் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, வங்கி, ஆபீஸ்களில் தலைக்கு மேல் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது. தலைகீழான T வடிவப் பட்டைகள் இரண்டடிச் சதுரங்களாகக் கோத்திருக்கும். அதன் மேல் டைல்களைச் சும்மா வைத்திருப்பார்கள். கையால் தூக்கிவிட்டு மேலே போகும் ஒயரையோ ஏ.சி. குழாயையோ பார்க்கலாம். வீட்டுக்கு அழகு போதாது என்பார்கள். மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகும் இடத்துக்கு எனக்கென்னவோ இதுதான் சரி என்று படுகிறது.

மூன்றாவது, தடுப்புச் சுவர்ச் சட்டம். தரையிலும் தளத்திலும் ப வடிவச் சேனல், 50 மி.மீ. அதற்குள் செங்குத்தாக நிற்கும் ஸ்டட் 48 மி.மீ.; உள்ளே நுழைய அந்த இரண்டு குறைவு. ஸ்டட் இரண்டடிக்கு ஒன்று. நாலடிப் பலகையின் இரு விளிம்பும் நடுவும் ஸ்டட்டில் விழும். ஸ்டட்டை முழு உயரத்துக்கு வெட்டாமல் கொஞ்சம் குறைத்து வெட்டுவது வழக்கம். மேல்தளம் நூலளவு இறங்கினாலும் சுவர் அழுந்தி வெடிக்காமல் இருக்கவே அப்படி. (நூல் என்றதும் ஒரு விஷயம். நம் தச்சர்கள் அங்குலத்தில் எட்டில் ஒன்றை நூல் என்பார்கள். இங்கே மிஸ்திரி அதையே ‘சூத்’ என்கிறார். ஹிந்தியிலும் அதற்கு நூல் என்றுதான் அர்த்தம். 12.5 மி.மீ. பலகை அவருக்கு நாலு சூத், நமக்கு நாலு நூல்.)

இருபக்கமும் பலகை அறைந்தால் மொத்தம் 75 மி.மீ., மூன்று அங்குலம். நடுவில் கண்ணாடிப் பஞ்சு திணித்தால் சத்தம் குறையும். பையன் படிக்கும்போது டி.வி. போடலாம். சேனலுக்கும் தரைக்கும் நடுவே சந்து விட்டால் அத்தனை பஞ்சும் வீண். கதவு வரும் இடத்து ஸ்டட்டில் மரக்கட்டை செருக வேண்டும். அலமாரி, டி.வி. மாட்டும் இடத்தில் பலகைக்குப் பின்னால் ப்ளைவுட் வைக்கச் சொல்ல வேண்டும். பலகை மூடிய பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.

மறுபடி வேலை நடந்தபோது, பலகை அறையாமல் ஒரு நாள் சட்டத்தை அப்படியே திறந்து வைக்கச் சொன்னேன். வேறு மிஸ்திரி, முணுமுணுத்தார். அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தையல் டேப்பால் ஒவ்வொரு இடைவெளியாக அளந்தாள். “பதினெட்டு அங்குலம்னு சொன்னியே, இங்க இருபது இருக்கேடா” என்றாள். மிஸ்திரி பேசாமல் கழற்றி மாட்டினார். நான் சுவருக்கு நான்காக ஃபோட்டோ எடுத்துத் தேதி எழுதி வைத்தேன். போன தீபாவளிக்கு அந்தத் தடுப்பில் சாமி படம் மாட்ட ஸ்டட் எங்கே இருக்கிறது என்று அந்த ஃபோட்டோவைப் பார்த்துத்தான் ஆணி அடித்தோம்.