பிளந்த உதட்டைச் சீராக்கலாம்

பிறந்த குழந்தையின் மேலுதடு பிளந்திருந்தால், நம் தோட்டங்களில் முதலில் எழும் கேள்வி, "கிரகணத்தன்று தாய் கத்தியைத் தொட்டாளா?" என்பதுதான். பெற்ற களைப்புக்கூடத் தீராத அந்தப் பெண் அன்றே குற்றவாளி ஆகிவிடுகிறாள். பிள்ளையையும் ஊரார் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறார்கள். இப்படி மறைப்பதால்தான் சிகிச்சைக்குரிய காலம் வீணாகிறது.

உண்மை என்ன? தாயின் வயிற்றில் குழந்தையின் முகம் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒன்று சேர்கிறது. உதடு 4 முதல் 7ஆவது வாரத்துக்குள்ளும், அண்ணம் எனப்படும் வாயின் மேற்கூரை 6 முதல் 9ஆவது வாரத்துக்குள்ளும் கூடிவிடும். கூடாமல் நின்றுவிட்டால் அதுவே பிளவு. உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. பரம்பரை, கர்ப்ப காலத்தில் புகைபிடித்தல், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை காரணங்களாகலாம். கிரகணத்துக்கும் கத்திக்கும் இதில் பங்கே இல்லை.

உதட்டுப் பிளவு வெளியே தெரியும். அண்ணப் பிளவோ வாய்க்குள் மறைந்திருக்கும். குடித்த பால் மூக்கு வழியே வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். க, ச, ட, த, ப, ற என்னும் வல்லின எழுத்துகளை ஒலிக்க, வாய்க்குள் காற்றை அடக்க வேண்டும். அண்ணம் பிளந்திருந்தால் காற்று மூக்கு வழியே போய்விடும். மெல்லினம் மட்டுமே தெளிவாக வரும். 'பாட்டி' என்று சொல்ல நினைத்த பிள்ளை 'மாண்ணி' என்பதுபோல் சொல்லும். காதுக்குள் நீர் கோத்துச் செவிப்புலன் குறைவதும் உண்டு. இத்தகைய பிள்ளையை மந்தபுத்தி என்று கடைசி வரிசையில் உட்கார வைப்பது பெரும் அநீதி. குறை அண்ணத்தில் இருக்கிறது, அறிவில் அன்று.

உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தைப் பேச்சு வருவதற்கு முன், அதாவது 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் அறுவை செய்து சீராக்குவது வழக்கம். பிறகு பேச்சுப் பயிற்சியும் பல் சிகிச்சையும் தேவைப்படும். காலம் கடந்தவர்களுக்கும் சிகிச்சை உண்டு. ஆயினும் பழகிப்போன பேச்சைத் திருத்துவது கடினம். அதுவரை குழந்தையைப் படுக்க வைக்காமல், தலையை நிமிர்த்திப் பிடித்து, பாலைச் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். எடை கூடினால்தான் அறுவை செய்ய முடியும்.

ஏழைகளுக்கு இது கிட்டுமா என்று கேட்பீர்கள். கேரளத்தின் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959இல் பணியேற்ற டாக்டர் ஹிர்ஜி அடென்வாலா, இத்தகைய பிள்ளைகளுக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1999இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்மைல் டிரெயின் என்னும் அறநிறுவனம், அந்தந்த நாட்டு மருத்துவர்களுக்கே உதவி, இலவச அறுவை சிகிச்சைக்கு வழி செய்கிறது. வட இந்தியாவின் மிர்சாப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த பிங்கி என்னும் ஏழைச் சிறுமிக்கு வாரணாசியில் இவ்வாறு உதடு சீரானது. அவள் கதையைச் சொன்ன 'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படம் 2009இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. 2013இல் விம்பிள்டன் ஆடவர் இறுதி ஆட்டத்தில் நாணயத்தைச் சுண்டியவளும் அவளே. முகத்தை மறைத்து வாழ்ந்திருக்க வேண்டியவளை உலகமே பார்த்தது!

நம் நாட்டில் அவ்வளவு தூரம் தேட வேண்டியதில்லை. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தாய்மார்களே! அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ பிள்ளையைக் கொண்டு செல்லுங்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள நிபுணர்களிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதற்கும் வழியில்லையென்றால் அங்குள்ள மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. அந்தத் தாயிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "வா, நானும் துணைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள்.