பாட்டில் பேசுபவர் யார்?

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. அடுத்துள்ள களியக்காவிளை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. இருமொழியும் பழகிய இவ்வூர்களில் நின்று நோக்கினால், அரசியல் பாட்டு அடைந்த மாறுதல் நன்கு விளங்கும்.

1938-இல் நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கோரித் திரண்டோர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மறு ஆண்டு வெளிவந்த ‘தியாகபூமி’ என்னும் தமிழ்ப் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாட்டு, தேசத் தொண்டுக்கு அனைவரையும் அழைத்தது. 1952-இல் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ என்னும் மலையாள நாடகத்துக்கு ஓ. என். வி. குறுப்பு பாடல்கள் இயற்றினார், ஜி. தேவராஜன் இசையமைத்தார். அவற்றுள் ஒன்றில் பிறைநிலவு பொன்னரிவாளாயிற்று.

1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்துக்கு வாலி எழுதிய பாட்டிலோ, அதிகாரம் தன் கைக்கு வருமாயின் ஏழைகளின் துயர் தீரும் என்கிறான் கதைத்தலைவன். அவ்வேடம் பூண்ட எம். ஜி. ஆர். 1977-இல் தமிழகத்தின் முதலமைச்சரானார்.

முன்னைய பாட்டு கேட்போரைச் செயலுக்கு அழைத்தது. பின்னையது ஒருவரை நம்பச் சொன்னது. இரண்டும் செவிக்கு இனியனவே. ஆயினும், நேயர்களே, ஒரு பாட்டில் மனம் உருகும்போது, அது நம்மிடம் வேண்டுவது யாது என்றும் கேட்டுக்கொள்ளுதல் குடிமக்களாகிய நம் கடனாகும்.