நோயுற்ற வேளையில் எந்த வாசலைத் தட்டுவது?

கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்த வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். வாசலில் கூட்டம் நெருக்கியது. உள்ளே நுழைய வழியில்லை. அவர்கள் திரும்பிச் செல்லவில்லை; கூரையைப் பிரித்து, ஆண்டவருடைய திருமுன் அவனை இறக்கினர். அவர்களுடைய விசுவாசத்தை எத்தனையோ மறையுரைகளில் நாம் வியந்து போற்றியிருக்கிறோம். ஆயினும் நாம் அதிகம் சிந்தியாத ஒன்றும் அதில் உண்டு. நோயாளியை எங்கே கொண்டு செல்வது என்பதில் அந்நால்வருக்கும் இம்மியளவும் ஐயமில்லை. அந்தத் தெளிவே அவர்களுடைய அன்பைப் பயனுள்ள அன்பாக்கியது.

இன்று நம் இல்லங்களில் அன்புக்குக் குறைவில்லை. இந்தத் தெளிவுக்கே குறைவு. நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் வீடே திரண்டு நிற்கிறது. ஒருவர் வெந்நீர் வைக்கிறார், ஒருவர் தைலம் தேய்க்கிறார், ஒருவர் செபமாலையைக் கையிலெடுக்கிறார். ஆனால் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. அந்த வாக்குவாதத்தில் கழியும் நேரம் சில நோய்களில் உயிரின் விலையாகும். ஆகவே, எந்த நோய்க்கு எந்த வாசல் என்பதை நோய் வருமுன்னரே ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் கடமையாகும்.

நடந்து சென்று காணும் வாசல்

கன்னியர் மடங்களில் நடைபெற்ற டிஸ்பென்சரிகளை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியதில்லை. சீட்டு வாங்க வேண்டியதில்லை. காலில் முள் குத்தியவரும் காய்ச்சல் கண்ட குழந்தையும் திண்ணையில் அமர்ந்திருப்பர். செவிலியர் பயிற்சி பெற்ற சகோதரி ஒருவர் வரிசையாகப் பார்த்து மருந்திடுவார்.

அவ்வகைப் பணியை இன்று பெருமளவில் ஆற்றுபவை கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், நகரங்களில் நகர்ப்புற நலவாழ்வு மையங்களுமாகும். தமிழ்நாட்டின் நகரங்களுக்கென 708 நலவாழ்வு மையங்கள் திட்டமிடப்பட்டு, அவற்றுள் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறந்து வைக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையிலும், மாலை 4 முதல் 8 வரையிலும் மருத்துவர் இருக்கும் வகையில் இவை அமைக்கப்பட்டன. கூலி வேலைக்குச் செல்வோர் ஒரு நாள் ஊதியத்தை இழக்காமல் மாலையில் வந்து காணலாம் என்பது இவற்றின் தனிச் சிறப்பு. முன்பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. “தர்மாஸ்பத்திரி” என்று இவற்றை இழிவாக எண்ணி, கடன் வாங்கிக்கொண்டு வேறிடம் ஓடுவோரை நாம் காண்கிறோம். நம் வரிப்பணத்தில் நடப்பது தர்மமன்று, நம் உரிமை.

எவ்வெவற்றுக்கு இந்த வாசல் போதும்? இரண்டு நாளாக விடாத காய்ச்சல், இருமல், தொண்டை வலி, காதுவலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், ஆழமில்லாத வெட்டுக்காயம், சுளுக்கு, தண்ணீர் குடிக்க முடிகிற நிலையிலுள்ள வயிற்றுப்போக்கு, சர்க்கரை மற்றும் இரத்த அழுத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அங்கே நாம் சென்று நிற்கும் இடம், உயிருக்குப் போராடும் மற்றொருவருடைய இடமாக இருக்கலாம் என்பதை நினைவிற்கொள்வோம்.

நாய்க்கடியைத் தனியே குறிப்பிட வேண்டும். கடித்த நாய் வீட்டு நாயானாலும், கீறல் சிறிதானாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கலாகாது. அன்றைய தினமே சுகாதார நிலையம் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, அவர்கள் குறித்துத் தரும் எல்லா நாட்களிலும் தவறாமல் சென்று முடிக்க வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதன்பின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாதது. ஆகையால் “நாளை பார்ப்போம்” என்பதற்கு இங்கே இடமில்லை.

சென்று காணும் முறை

மருத்துவரிடம் செல்வதிலும் ஒரு முறை உண்டு. பழைய மருந்துச் சீட்டையும், தற்போது உண்ணும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். “வெள்ளை மாத்திரை, சிறியது” என்று சொன்னால் மருத்துவர் எதை அறிவார்? ஒவ்வாத மருந்து உண்டா, பெண்கள் கருவுற்றிருக்கிறார்களா, வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தீர்கள் என்பவற்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

“ஒரு ஊசி போட்டால்தான் குணமாகும்” என்று வற்புறுத்துவது நம் மக்களிடையே வேரூன்றிய பழக்கம். ஊசி தேவையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. வீடு திரும்புமுன் அவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம்: இது என்ன நோய்? மருந்தை எத்தனை நாள் உண்ண வேண்டும்? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? மூன்றாவது கேள்வியே முதன்மையானது. டெங்குக் காய்ச்சலில், காய்ச்சல் தணிகின்ற நாளிலேயே ஆபத்து தொடங்குவதுண்டு. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவு மீறிய சோர்வு ஆகியவை கண்டால், “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே” என்று வாளாவிருத்தல் ஆகாது.

மருத்துவரைக் காணாமல் மருந்துக் கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்குவதும், பக்கத்து வீட்டாருக்குத் தந்த மாத்திரையை நாம் உண்பதும் நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். நோயை மறைத்து வளரவிடுவதே பலமுறை அதன் விளைவாகும்.

நொடியும் தாமதிக்கலாகாத வேளைகள்

மேற்கூறிய சிறு மருத்துவ நிலையங்களைக் கடந்து, நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய நோய்களும் உண்டு. அவ்வேளையில் 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவை கட்டணமற்றது. ஊர்தியில் பயிற்சி பெற்றவரும் உயிர்வளியும் இருப்பதால், சிகிச்சை நம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

நெஞ்சை அழுத்தும் வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், காரணமின்றி வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை மாரடைப்பாக இருக்கலாம். முதியோர், பெண்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வலியே இன்றி மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டும் தோன்றுவதுண்டு. இதனை “வாயு” என்று கருதிச் சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்துக் காத்திருப்பது பேராபத்து. அடைபட்ட இரத்தக்குழாயை எவ்வளவு விரைவில் திறக்கிறார்களோ, அவ்வளவுக்கு இதயத் தசை பிழைக்கும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். தொலைவான சிற்றூர்களில் வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். மூளையின் இரத்தக்குழாயில் உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்குமுன் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகையால் ஸ்கேன் வசதியில்லாத இடத்தில் காத்திருப்பது வீண். அறிகுறி தோன்றிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவே. வாயில் நீரோ உணவோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மந்திரிப்பதும் உயிருக்கு உலை வைப்பவை. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைக் கடித்தால் பல் பதிந்த தடமே தெரியாமற் போகலாம். தரையில் படுத்தவர் விடியுமுன் வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தாழ்ந்து, பேச்சுத் தடுமாறினால் ஐயம் கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல், நில்லாத இரத்தப்போக்கு, நினைவிழத்தல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, நஞ்சருந்துதல், பெரிய தீக்காயம், கருவுற்ற தாய்க்கு இரத்தப்போக்கோ கடும் தலைவலியோ வலிப்போ காணுதல், மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கும் குழந்தை ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. நஞ்சருந்தியவரை வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். குப்பியை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

குருவானவரும் மருத்துவரும்

ஓர் இரவு பதினொரு மணியளவில் நம் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு இரவு உணவுக்குப் பின் நெஞ்சில் வலி. இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி கூடவே, மகன் நம்மை அழைத்துச் செல்ல வந்தான். “108க்குச் சொல்லியாயிற்றா, தம்பி?” என்றோம். “இல்லை சுவாமி, முதலில் உங்களைக் கூட்டிப்போகத்தான் வந்தேன்” என்றான். அங்கிருந்தே அழைத்துவிட்டு அவனோடு சென்றோம். நாம் திருஎண்ணெய் பூசி முடிக்கவும் ஊர்தி வந்து சேர்ந்தது. இறைவன் அருளால் அவர் பிழைத்தார். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் இதயம் இத்துணைப் பலவீனம் அடைந்திராது என்றார் மருத்துவர். இனி அவர் சுமை தூக்க இயலாது. வீட்டின் வருவாய் அவ்விரண்டு மணி நேரத்தில் போயிற்று.

அம்மகனுடைய விசுவாசத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் “அவஸ்தைப் பூசுதல்” என்ற பழைய பெயரும், அது சாவின் வாசலில் மட்டுமே தரப்படுவது என்ற பழைய எண்ணமும் நம் மக்களை விட்டு இன்னும் அகலவில்லை. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட திருத்தூதுச் சட்டத்தின் வழியாக இந்த அருட்சாதனம் நோயிற்பூசுதலாகப் புதுப்பிக்கப்பட்டது. கடும் நோய் கண்டவர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர், தளர்ந்த முதியோர் ஆகிய யாவரும் நல்ல நினைவோடிருக்கும்போதே இதனைப் பெறலாம். இது மருந்துக்கு மாற்றன்று. சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் கொடையாகவே காண்கிறது. நோயாளி செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்று ஒருசேரக் கற்பிக்கிறது. எனவே அவசர வேளையில் முதலில் 108, அடுத்துப் பங்குத்தந்தை. மருத்துவமனைக்கே வந்து பூசுதல் கொடுக்க எந்தக் குருவும் தயங்கார்.

அச்சம் வேண்டாம்

பணமில்லை என்ற அச்சமும், வழக்கில் சிக்குவோம் என்ற அச்சமும் பலருடைய கால்களைக் கட்டிப்போடுகின்றன. உயிருக்குப் போராடுபவருக்கு முதலுதவி அளிப்பது அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துள்ளது. தமிழ்நாட்டில் சாலை விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை வழங்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்குத் தகுதியுள்ள குடும்பங்கள் அதனை இப்போதே பெற்றுவைத்தல் அறிவுடைமை.

விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளிக்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அவருக்கு அச்சட்டம் இட்டிருக்கும் பெயர் ‘நல்ல சமாரியன்’. ஆண்டவர் சொன்ன உவமையின் பெயரை நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கையில், அந்த உவமையை ஆண்டுதோறும் ஆலயத்தில் கேட்கும் நாம் வழியில் கிடப்பவரைக் கண்டு விலகிப் போகலாமா?

இன்றே செய்யத்தக்கவை

இந்த இதழை மூடிவைக்குமுன் ஒரு தாளை எடுங்கள். 108, நோய் பற்றி ஐயம் கேட்பதற்கு 104, அருகிலுள்ள சுகாதார நிலையம், அதன் நேரம், இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனை. நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனை. பங்குத்தந்தையின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகளும் படிக்கத்தக்க உயரத்தில் ஒட்டிவையுங்கள். வீட்டிலுள்ளோர் உண்ணும் மருந்துகளையும் அதன் கீழே குறியுங்கள். காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள்.

அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலை இதற்கென ஒதுக்கப்படட்டும். நம் பங்குகளில் செவிலியர் இல்லாத பங்கு அரிது. அவர்களை அழைத்துக் கேளுங்கள். தனித்து வாழும் முதியோர் எவரெவர், இரவில் அவர்களுக்கு வண்டி கொண்டு வருபவர் யார் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். திமிர்வாதக்காரனைச் சுமக்க நால்வர் தேவைப்பட்டனர். ஒவ்வொரு தெருவிலும் அத்தகைய நால்வர் ஆயத்தமாயிருக்கக் கடவது.