ஆட்ரிபியூட்டும் அது ஒட்டியிருக்கும் பிராபர்ட்டியும்

சி ஷார்ப் மொழியில் ஒரு பிராபர்ட்டியின் தலைமேல் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் குறிப்பு ஆட்ரிபியூட். 'வயது' என்ற பிராபர்ட்டிக்கு மேல் 'வரம்பு 18, 60' என்று எழுதினால், அந்த விதி வயதோடு ஒட்டிக்கொள்கிறது. 'சிஸ்டம்.ஆட்ரிபியூட்' என்னும் அடிப்படை கிளாஸிலிருந்து நிரலர் தமக்கு வேண்டிய ஆட்ரிபியூட்டைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்பு தானாக எதையும் செய்யாது. கம்பைலர் அதை மெட்டாடேட்டாவில் பதிந்து வைக்கிறது. ரிஃப்ளெக்‌ஷன் வழியாக யாரேனும் கேட்கும்போதுதான் ஆட்ரிபியூட் ஆப்ஜெக்டாக உயிர்பெறுகிறது. அப்போது அதன் கன்ஸ்ட்ரக்டருக்குக் கிடைப்பவை 18, 60 என்ற எண்கள் மட்டுமே. எந்தப் பிராபர்ட்டியின் மேல் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. சம்படத்தில் ஒட்டிய சீட்டுக்கு உள்ளே இருப்பது மிளகா சீரகமா என்று தெரியாதது போலத்தான் இதுவும்.

சீட்டைப் படிப்பவருக்கோ சம்படம் கையிலேயே இருக்கிறது. ஆட்ரிபியூட்டைத் தேடும் நிரல் முதலில் 'பிராபர்ட்டிஇன்ஃபோ' ஆப்ஜெக்டைப் பெற்று, அதனிடமே ஆட்ரிபியூட்டைக் கேட்கிறது. ஆகவே ஆட்ரிபியூட்டில் 'சரிபார்' என்றொரு மெத்தடை எழுதி, பிராபர்ட்டிஇன்ஃபோவையும் உரிய ஆப்ஜெக்டையும் அதற்குக் கொடுத்துவிடுவதே நேரான வழி. பெயர், டைப், தற்போதைய மதிப்பு மூன்றும் அப்போது கிடைத்துவிடும். இவற்றை ஆட்ரிபியூட்டுக்குள் சேமித்து வைப்பதில் பயனில்லை. ரிஃப்ளெக்‌ஷன் ஒவ்வொரு முறையும் பொதுவாகப் புதிய ஆப்ஜெக்டையே தருகிறது.

பெயர் மட்டும் போதுமென்றால் எளிய வழி உண்டு. 2012இல் சி ஷார்ப் 5உடன் வந்த 'காலர்மெம்பர்நேம்' குறிப்பைக் கன்ஸ்ட்ரக்டரின் விருப்பப் பாராமீட்டர் ஒன்றில் இட்டால், பிராபர்ட்டியின் பெயரைக் கம்பைலரே நிரப்பிவிடும். 'டைப்ஆஃப்' மூலம் கிளாஸின் டைப்பையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் கொண்டு பிராபர்ட்டிஇன்ஃபோவைத் தேடி எடுக்கலாம். ஆனால் மதிப்பைப் படிக்க ஆப்ஜெக்ட் வேண்டும்; அது வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

டாட்நெட்டின் சரிபார்ப்பு ஆட்ரிபியூட்டுகள் இந்த நெறியிலேயே அமைந்துள்ளன. அவற்றின் 'இஸ்வேலிட்' மெத்தடுக்கு மதிப்போடு 'வேலிடேஷன்கான்டெக்ஸ்ட்' ஆப்ஜெக்டும் வருகிறது. பிராபர்ட்டியின் பெயர், கிளாஸின் டைப், முழு ஆப்ஜெக்ட் ஆகியவை அதில் உள்ளன. முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தியதா என்று பக்கத்துப் பிராபர்ட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க இவையே போதும்.