எதிரொலியில் ஒரு வழி

எங்கள் ஊர் மார்டள்ளி. இப்போது சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூர் மாவட்டம். 1956க்கு முன்போ கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டம்! ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது.

மலை சூழ்ந்த ஊர். 2020ல் கல்லூரி மூடிக்கிடந்தபோது, அக்கா மகள் பாறைமேல் ஏறி நின்று கைப்பேசியில் பி.யு.சி. பாடம் கேட்டாள். அவள் மைசூரில் பொறியியல் முடித்துவிட்டாள். கம்பியில்லாத் தகவல் தொடர்பில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள்.

அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. "கம்பெனி வேலை கையில இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் படிப்புன்னா கல்யாணம் எப்போ தம்பி?" என்றார்.

நான் அவளிடம் பேசினேன். "மாமா, ஆரோக்கியசாமி பால்ராஜ்னு ஒருத்தர்..." என்று தொடங்கினாள். அன்றிரவே அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1944ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். அன்றைய கணக்கில் எங்கள் மாவட்டத்துக்காரர்! பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர்ந்து கடற்படை அதிகாரியானார். டில்லி ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்றார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் 'அப்சோ' சோனார் கருவி இவர் தலைமையில் உருவானது. 1990களின் தொடக்கத்தில், ஐம்பதை நெருங்கும் வயதில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புது வாழ்வு தொடங்கினார். நம்மில் பலர் அந்த வயதில் ஓய்வூதியக் கணக்குப் போடுகிறோம்.

அவர் கண்டது என்ன? எங்கள் ஊரில் தேவாலய மணி அடித்தால் ஓசை நேராகவும் வரும், மலையில் மோதியும் வரும். வானொலி அலையும் அப்படித்தான். சுவரிலும் குன்றிலும் மோதிப் பல வழிகளில் வந்து ஒன்றையொன்று குழப்பும். இதைப் பெருந்தொல்லை என்றே பொறியாளர்கள் கருதினர். பால்ராஜ் அதையே வழியாக்கினார். பல ஆன்டெனாக்கள் ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்திகளை அனுப்பட்டும். மோதிச் சிதறுவதால் ஒவ்வொன்றும் தனித்தனி அடையாளத்தோடு வந்து சேரும். பெறும் பக்கத்திலும் பல ஆன்டெனாக்கள் இருந்தால் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம். இதுவே 'மைமோ'. 1992ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1994ல் பெற்றார். நடக்காது என்றவர்களே அன்று அதிகம். இன்று வைஃபையும் 4ஜி, 5ஜி கைப்பேசிகளும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. 2010ல் பத்மபூஷண், 2014ல் மார்க்கோனி பரிசு.

அக்காவிடம் பரிசுகளைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்றேன். "படிக்கறதுக்குப் பணம் அவங்க குடுப்பாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தியே எட்டவில்லை என்பது என் எண்ணம்.

கம்பெனிக்குப் பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரமிருக்கிறது. அக்கா இன்னும் சரியென்று சொல்லவில்லை. பெங்களூர் நேர்முகத் தேர்வுக்குப் பஸ் செலவுப் பணத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்.