வாழை இலைக்கு நிலையான வாடிக்கை

முகூர்த்த மாதங்களில் வாழை இலைக்குக் கிராக்கி அதிகம். ஆடி, மார்கழியில் கல்யாணங்கள் இல்லாததால் விலை இறங்குவது வழக்கம். சாப்பாட்டு ஓட்டல்களுக்கோ ஆண்டு முழுவதும் இலை வேண்டும். எனவே அருகிலுள்ள ஓட்டல்களை வாடிக்கையாக்கிக் கொள்வது நல்லது.

இலைக்குப் பூவன் ரகம் ஏற்றது. குலைக்கு விட்ட மரங்களில் இலையை அதிகம் அறுத்தால் காய் சிறுக்கும். இலைக்கெனத் தனியே சிறு பகுதியை ஒதுக்க வேண்டும். முதலில் ஒரு கட்டு மாதிரி கொடுத்து, நுனி இலை எத்தனை, ஏடு எத்தனை தேவை எனக் கேட்டறியவும். கிழிசலை நீக்கி, எண்ணிக்கை குறையாமல், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். மாத விலை பேசி, கணக்கை இருவரும் நோட்டில் குறித்துக் கொள்ளலாம்.

முகூர்த்த நாளில் மண்டி விலை ஏறியதென்று ஓட்டலுக்கு இலையை நிறுத்தக் கூடாது. அன்று கைவிட்டவரை ஆடியில் ஓட்டல்காரர் தேட மாட்டார்.