கருப்பட்டி காய்ச்ச ஏற்ற பாத்திரம் எது?

அடிப்பிடித்த கருப்பட்டி கசக்கும், மயிலாப்பூர், தி.நகர் கடைகளுக்கு அனுப்பினாலும் நல்ல விலை போகாது. எனவே சீசனுக்கு முன்பே பாத்திரத்தைக் கவனியுங்கள்.

வாய் அகன்ற, ஆழம் குறைந்த பாத்திரமே நல்லது. ஆவி சீக்கிரம் வெளியேறும், விறகு மிச்சமாகும். பதநீர் பொங்கும் என்பதால் பாதி அளவே ஊற்றுங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் தேவை. 10 லிட்டர் காய்ச்ச 20 லிட்டர் பாத்திரம் வேண்டும்.

பதநீரில் சுண்ணாம்பு இருப்பதால் அலுமினியம் வேண்டாம், அரித்துப்போகும். அடி கனமான இரும்பு அல்லது எவர்சில்வர் பாத்திரம் வாங்குங்கள். காய்ச்சும் முன் சுண்ணாம்பைத் தெளியவிட்டு வடிகட்டுங்கள்.

பாகு கெட்டியாகும்போது தீயைக் குறைத்து, கைவிடாமல் கிண்டுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். அதுவே பதம். உடனே இறக்கி, சிறிது கிண்டிச் சிரட்டையில் ஊற்றுங்கள்.